செவிக்கு வந்த காட்சி
‘டொக்டர் ஹூ’ ஒலி நாடகங்களைப் பற்றிய ஒரு நோக்கு

காவியங்களைக் கண்டு களிப்பன, கேட்டு மகிழ்வன என இரு கூறாக வகுத்தல் வடமொழி அலங்கார நூலார் மரபு. முன்னதைத் திருசிய காவியம் என்றும் பின்னதைச் சிரவிய காவியம் என்றும் அவர் வழங்குவர். நாடகம் முன்னதன்பாற் படும். மெய்ப்பாட்டினை உள்ளவாறு உணர்தற்குக் கண்ணுஞ் செவியும் ஒருங்கே கூர்மையுடையனவாதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. இங்ஙனமாயின், கண்ணுக்கென ஆக்கப்பட்ட நாடகமொன்றைக் கண்ணை விலக்கிச் செவிக்கு மாத்திரம் வழங்குதல் கூடுமோ? கூடுமெனின், அஃது ஒரு முழுக்கலையாகுமோ, அன்றி மூலத்தின் நிழலாய் நின்றொழியுமோ? இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ‘டொக்டர் ஹூ’ என்னும் ஆங்கில விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரையொட்டி எழுந்த ஒலி நாடகங்களாகும்.

இவ்வாராய்ச்சி இலங்கைத் தமிழர்க்கு அயலானதன்று. இந்நாட்டில் வானொலி 1925ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. தொலைக்காட்சியோ 1979ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வீட்டினுள்ளே நாடகம் என்றால் அது வானொலி நாடகமே. கண்டி நகரத்து வீட்டு விறாந்தையிலாயினும், அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களின் லயத்துக் காம்பிராவிலாயினும், ஒரு பெட்டியைச் சூழ்ந்திருந்து பலர் ஒருங்கே கேட்ட கலை அது. ஆதலின், காட்சிக்குரிய கதை செவிக்கு வரும்போது பெறுவதும் இழப்பதும் யாவை என்பதைப் பிறர் முயற்சியிற் கண்டு, அந்த அறிவினைக் கொண்டு நம்முடைய செல்வத்தை மதிப்பிடுதல் தகும். முதற்கண் அத்தொடரின் வரலாற்றைச் சுருங்க நோக்குதல் வேண்டும்.

‘டொக்டர் ஹூ’ பி. பி. சி. தொலைக்காட்சியில் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி தொடங்கியது. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ஊர்தியொன்றிற் பயணஞ் செய்பவனே இதன் தலைவன். அவன் மானிடன் அல்லன். ‘டொக்டர்’ என்றே தன்னை அழைத்துக்கொள்வான். அவனுடைய ஊர்தி புறத்தே நோக்குவார்க்கு இலண்டன் வீதியோரத்துப் பொலிஸ் தொலைபேசிக் கூண்டாகத் தோன்றும். அகத்தே மாளிகையென விரிந்திருக்கும். சாவு நெருங்குங்கால் தலைவன் உடல் மாறிப் புதுமுகம் பெறுவான். நடிகர் மாறினும் தொடர் மாளாதிருத்தற்கு அதனை ஆக்கியோர் கண்ட உபாயம் இது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இவ்வுபாயம் முற்றும் புதிதன்று. இருபத்தாறு பருவங்கள் நடந்த இத்தொடர் 1989இல் நின்றது. 1996இல் ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படம் வெளிவந்தது. பின்னர் 2005இலேதான் தொடர் மீண்டும் உயிர்பெற்றது. தொலைக்காட்சி கைவிட்ட அவ்விடைக்காலத்தில், ‘பிக் பினிஷ்’ என்னும் நிறுவனம் பி. பி. சி.யின் உரிமம் பெற்று, பழைய நடிகர்களையே அழைத்து, முற்றிலும் புதிய கதைகளை ஒலி நாடகங்களாக இறுவட்டிற் பதிந்து வெளியிட்டது. முதல் நாடகமாகிய ‘த சைரன்ஸ் ஒவ் டைம்’ 1999ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வந்தது. பீற்றர் டேவிசன், கொலின் பேக்கர், சில்வெஸ்டர் மக்கோய் ஆகிய மூவரும் அதிற் குரல் கொடுத்தனர்.

தொலைக்காட்சியிற் காட்சியை நீக்கினால் எஞ்சுவது யாது என்று வினவுவார் உளர். இவ்வினா அத்தொடரின் இயல்பை அறியாமையால் எழுவது. தொடக்க காலத்தில் அதற்குக் கிடைத்த பணமுஞ் சிறிது. படப்பிடிப்புக் கூடமுஞ் சிறிது. மரமும் அட்டையுங் கொண்டு எழுப்பிய சுவர்களே வேற்றுலகங்களாக நின்றன. கண்ணை நம்பச் செய்தல் அரிதாகிய அவ்விடத்திற் செவியை நம்பச் செய்தனர். பி. பி. சி. 1958இல் நிறுவிய ‘றேடியோபோனிக் வேர்க்‌ஷொப்’ என்னும் ஒலிப்பட்டறை இதற்குத் துணை நின்றது. றொன் கிரெய்னர் இயற்றிய முகப்பிசையை டெலியா டேர்பிஷயர் என்னும் பெண்மணி, இசைக்குழு எதனையும் அழையாது, தனித்தனி ஒலிகளை ஒலிநாடாவிற் பதிந்து வெட்டியும் ஒட்டியும் உருவாக்கினார். கால ஊர்தி கிளம்பும் ஓசையைப் பிறையன் ஹொட்ஜ்சன் ஆக்கிய முறை வியத்தற்குரியது. பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகளின்மேல் வீட்டுச் சாவியொன்றை உராய்ந்திழுத்து, அவ்வொலியைப் பதிந்து பலவாறு மாற்றி அவர் அதனைப் படைத்தார். டாலெக் என்னும் பகையினத்தின் அச்சமும் அவற்றின் உருவத்திலும் பார்க்க மின்கருவியால் நடுங்கச் செய்த குரலிலேயே பெரிதும் உறைந்திருந்தது.

செவி கண்ணுக்கு முந்துவது கண்டியில் வாழ்வோர் ஆண்டுதோறும் அறியும் உண்மை. எசல பெரஹராவைக் காண வீதியோரத்திற் கூடுவோருள், பின்வரிசையில் நிற்பார்க்கு முதலில் வந்தெய்துவது சாட்டை வீசுவோரின் ஒலி, அதன்பின் முரசொலி. யானை கண்ணுக்குப் புலனாகுமுன்பே பவனி செவியிற் புகுந்து நெஞ்சை நிறைத்துவிடுகின்றது. பின்னர்க் காணும் காட்சி, முன்னர்க் கேட்ட ஒலி எழுப்பிய ஆவலை நிறைவு செய்வதே. ‘டொக்டர் ஹூ’ தொடரும் தொடக்கந்தொட்டே இவ்வியல்பினது. எனவே அதனை ஒலி நாடகமாக்கியோர் அயலான ஒன்றைப் புகுத்தினாரல்லர். அதனுள்ளே முன்னரே இருந்த கூறொன்றைத் தனித்தெடுத்து வளர்த்தனர்.

எனினும் ஒலி நாடகத்துக்கு இயல்பான இடர் ஒன்றுண்டு. வந்தவர் யார், நிற்குமிடம் எது, கையிலிருப்பது யாது என்பவற்றைக் கேட்போன் எவ்வாறு அறிவான்? திறனற்ற ஆசிரியர் இதற்கு எளிய வழியொன்றைக் கைக்கொள்வர். ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்தை விளித்து, “அதோ, கறுப்பு அங்கி அணிந்த ஒருவன் வலக்கையிலே துப்பாக்கியுடன் படியேறி வருகின்றான்” என்று கூறும். கேட்டுநிற்கும் பாத்திரத்துக்கும் கண் உண்டு. இருவருங் காண்பதை ஒருவர் மற்றவர்க்கு விரித்துரைத்தல் உலக வழக்கன்று. அவ்விடத்தே நாடகம் குலைந்து, கேட்போன் தான் ஏமாற்றப்படுவதை உணர்கின்றான்.

இவ்விடரைத் தீர்க்கும் நெறியை வியாச பாரதம் என்றோ காட்டியிருக்கின்றது. குருசேத்திரப் போரைச் சஞ்சயன் விரித்துரைப்பது பார்வையற்ற மன்னனுக்கு. திருதராட்டிரன் காணமாட்டான்; ஆயினும் அறியத் துடிக்கின்றான். அவன் மைந்தர் களத்தில் நிற்கின்றனர். அதனால் வருணனை வேண்டாத சுமையாகாது, கதையின் உயிர்நிலையாகின்றது. காணாமைக்குக் கதையினுள்ளேயே காரணம் அமைந்தால் வருணனை இயல்பாகும் என்பதே இதனாற் பெறப்படும் விதி. வானொலிக்கென்றே எழுதப்பட்ட பழைய நாடகங்களுள் ஒன்றாகிய றிச்சட் ஹியூஸின் ‘டேஞ்சர்’, 1924ஆம் ஆண்டு சனவரியில் பி. பி. சி.யில் ஒலிபரப்பாயிற்று. அதன் களம் விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கம். பாத்திரங்களுங் காணார், கேட்போருங் காணார். இருசாராரும் ஒரே இருளில் நிற்றலின், காணாமை குறையாகவே தோன்றுவதில்லை.

‘பிக் பினிஷ்’ நாடகங்களுள் தலைசிறந்தவை இவ்விதியை உணர்ந்து எழுந்தவை. றொபேட் ஷியர்மன் எழுதிய ‘ஸ்கேர்ற்சோ’ (2003) இதற்குச் சிறந்த சான்று. தலைவனும் அவன் தோழி சார்லியும் கண்ணைக் குருடாக்கும் ஒளி நிறைந்த ஓரிடத்தில் அகப்படுகின்றனர். பார்வை பயனற்றுப்போகின்றது, ஏனைய புலன்களும் மங்குகின்றன, செவியொன்றே எஞ்சுகின்றது. அங்கு அவர்களைத் தொடரும் உயிரும் ஒலியால் ஆகியதே. நடிப்போர் போல் மக்கான், இந்தியா பிஷர் என்னும் இருவர் மாத்திரமே. ஒருவர் பேச்சை நிறுத்தினால் மற்றவர்க்கு அவர் இல்லாதவராகிவிடுகின்றார். அன்பும் ஊடலும் ஐயமும் குரலின் ஏற்ற இறக்கத்திலன்றி வேறெங்கும் வெளிப்பட வழியில்லை. இந்நாடகத்தைத் திரையிற் காட்ட முயல்வார் வெண்மையையன்றி வேறெதனைக் காட்டுவர்? செவிக்கென்றே பிறந்த நாடகம் இது.

‘லைவ் 34’ (2005) வேறொரு வழியிற் சென்று அதே பயனை எய்துகின்றது. வேற்றுலகக் குடியேற்றமொன்றின் வானொலி நிலையம் விடுக்கும் செய்திகளும் நேர்முக ஒலிபரப்புகளுமே அந்நாடகம் முழுவதும். கொடுங்கோன்மை செய்தியாளனின் நாவை எவ்வாறு கட்டுகின்றது, அக்கட்டு எவ்வாறு அவிழ்கின்றது என்பதைக் கேட்போன் அக்குடியேற்றத்துக் குடிமகன் ஒருவனாகவே இருந்து கேட்கின்றான். ஷியர்மனின் ‘த சைம்ஸ் ஒவ் மிட்நைற்’ (2002) பழைய ஆங்கில மாளிகையொன்றின் பணியாளர் பகுதியைக் களமாகக் கொண்டது. கடிகார மணியோசையே அதில் ஊழின் குரல். மணி ஒலிக்குந்தோறும் ஒரு சாவு நிகழ்வதும், கழிந்த நேரம் மீண்டும் தொடங்குவதும் ஓசையொன்றாலேயே அச்சத்தை வளர்க்கின்றன.

மார்க் பிளாற் எழுதிய ‘ஸ்பெயார் பார்ட்ஸ்’ (2002) இவ்வரிசையில் உயர்ந்த இடம் பெறத்தக்கது. அழிவை நெருங்கும் உலகொன்றில் மாந்தர் உயிர் தப்புதற்பொருட்டுத் தம் உறுப்புகளை ஒவ்வொன்றாக இயந்திரமாக்கிக்கொள்கின்றனர்; ஈற்றில் உள்ளத்தையும் இழக்கின்றனர். அரசுப் பணிக்கென அழைத்துச் செல்லப்பட்ட ஏழைக் குடும்பத்துப் பெண்ணொருத்தி, பாதி இயந்திரமாக்கப்பட்ட நிலையில் தன் தந்தையின் வீட்டை நாடி வருகின்றாள். திரையில் இக்காட்சியை அமைத்தால் உலோகக் கவசமே முதலிற் கண்ணிற் படும், அருவருப்பு முந்திவிடும். ஒலியிலோ மாறுபட்ட அக்குரலின் அடியிலே மகளின் குரலைத் தேடுபவன் தந்தை மாத்திரமல்லன்; கேட்போனும் தேடுகின்றான். தேடி ஒரு துளியைக் கண்டுகொள்ளுங் கணத்திற் பிறக்கும் அவலம் பெரிது. கட்புலன் தடையாகுமிடத்தில் அதனை விலக்குதல் ஆதாயமே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவ்வொலி நாடகங்கள் மூலத்தின் நிழல்கள் என்பார்க்குப் பின்னை வரலாறே மறுமொழி தந்தது. சிறைப்பட்ட தனியொரு டாலெக்கைப் பற்றி ஷியர்மன் எழுதிய ‘ஜூபிலி’ (2003) என்னும் ஒலி நாடகத்தின் கருவிலிருந்தே, 2005இல் மீண்டெழுந்த தொலைக்காட்சித் தொடரின் ‘டாலெக்’ என்னும் அத்தியாயம் அவராலேயே எழுதப்பட்டது. திரையிலிருந்து செவிக்கு வந்த கதை, செவியிலிருந்து திரைக்குச் சென்றது. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனாயினான்.

நடிகர்க்கு இக்கலை செய்த நன்மையுங் கருதற்பாலது. கொலின் பேக்கர் 1986இல் தொலைக்காட்சித் தொடரினின்று விலக்கப்பட்டார். அவர் அணிந்த பலநிற உடையின் ஆரவாரம் நடிப்பின் நுட்பத்தை மறைத்தது என்பர். உடை கண்ணுக்குப் புலனாகாத ஒலி நாடகத்தில் அவர்தம் குரலின் பெருமிதமும் பரிவும் ஒருங்கே விளங்கின. போல் மக்கானுக்குத் தொலைக்காட்சி 1996இல் அளித்தது ஒரே திரைப்படம். 2001 முதல் ஒலி நாடகங்களே அவருடைய டொக்டருக்கு வாழ்வு தந்தன. 2013இல் குறும்படமொன்றில் அவர் மீண்டுந் தோன்றி, ஒலி நாடகங்களில் மாத்திரம் வாழ்ந்த தம் தோழர்களின் பெயர்களைச் சொல்லி விடைபெற்றபோது, செவியிற் பிறந்த பாத்திரங்களுக்குத் திரையின் வாயாலேயே ஏற்புக் கிடைத்தது. முகம் மூப்படையும் அளவுக்குக் குரல் விரைந்து மூப்படைவதில்லை. ஆதலின் நடிகர் பல்லாண்டு கழிந்தும் தம் பழைய பாத்திரத்துள் மீண்டும் புகுதல் செவியரங்கில் எளிதாகின்றது.

குணங்களைக் கூறியாங்குக் குற்றங்களையும் கூறுதல் திறனாய்வின் கடமை. மேலே காட்டப்பட்டவை தேர்ந்தெடுத்தவை. இந்நிறுவனம் வெளியிட்டவை மிகப் பல; அவற்றுள், காண்பதை எடுத்துரைக்கும் செயற்கையான உரையாடல்களால் நலிந்தவையும் உள. பழைய பகைவரையும் பழைய தோழரையும் மீண்டும் மீண்டும் கொணர்ந்து, முன்னறிந்தோரை மகிழ்விப்பதோடு அமைபவையும் உள. புதிதாக வருவோன் வாயிலிலேயே நிற்க நேர்கின்றது. மேலும், மறைந்த நடிகரின் பாத்திரத்துக்கு அவர் குரலைப் போலவே பேசவல்ல வேறொருவரை அமர்த்தும் வழக்கமும் வந்துள்ளது. போலச் செய்தல் திறமையே. ஆயினும் அது படைத்தலாகாது. நடிகர் மாறும்போது பாத்திரமும் புதிதாதல் என்பதே இத்தொடரின் அடிப்படையாகலின், குரலைப் படியெடுத்தல் அவ்வடிப்படைக்கு மாறாகின்றது.

இனி நம் நாட்டை நோக்குவாம். திரைக்காட்சி செவிக்கு வருதல் தமிழர் நெடுங்காலம் அறிந்ததொன்று. திரைப்படமொன்றின் ஒலியைச் சுருக்கி வானொலியில் வழங்கும் நிகழ்ச்சிக்கு ‘ஒலிச்சித்திரம்’ என்று பெயர். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) முதலிய படங்களின் வசனங்கள் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் பரவி, கோயில் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளில் முழங்கின. படம் பாராத சிறுவரும் அவற்றை மனனஞ் செய்தனர். இவை தமிழுரைக்குச் செய்த தொண்டு சிறிதன்று. ஆயினும் ஒலிச்சித்திரத்தை ஒலி நாடகம் என்று கொள்ளலாகாது. அது காட்சியை நீக்கியபின் எஞ்சிய பகுதி. படத்தை முன்னர்க் கண்டோனுக்கு அது நினைவூட்டி. காணாதோனுக்கு உரையாடல் ஓய்ந்த இடமெல்லாம் வெற்றிடம். செவிக்கென மீள எழுதுதல் என்னும் செயல் அங்கு நிகழவில்லை.

அச்செயலை நிகழ்த்தியவர் இலங்கை வானொலிக் கலைஞர். சானா எனப் புகழ்பெற்ற சண்முகநாதனின் ‘இலண்டன் கந்தையா’ பேச்சு வழக்கின் வலிமையை நிலைநாட்டியது. சில்லையூர் செல்வராசன் திரைப்படச் சுவடியாக எழுதிய ‘தணியாத தாகம்’, கே. எம். வாசகரின் தயாரிப்பில் வானொலித் தொடராகிப் பெரும் புகழ் எய்திற்று. கண்ணுக்கென எழுதியது செவியில் வாழ்ந்தமைக்கு நம்முடைய சான்று அது. எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ எதிர்த்திசையிற் சென்றது. வானொலியில் வளர்ந்த அந்நகைச்சுவைத் தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. அதில் மரிக்காரின் முஸ்லிம் தமிழும், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழும், உபாலியின் சிங்கள வாடை வீசும் தமிழும் வேறுவேறாக ஒலித்தன. வானொலியில் ஒவ்வொருவர்க்கும் வழக்கே முகம், வழக்கே உடை. வாய் திறந்த கணத்தே வந்தவர் இன்னார் என்பது விளங்கிவிடும். “அதோ வருகின்றான்” என்று பிறர் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. ஆங்கில ஒலி நாடக ஆசிரியர் பலர் இடர்ப்பட்ட சிக்கலை நம்மவர் இந்நாட்டு மக்களின் நாவைக் கொண்டே தீர்த்தனர்.

இத்தீர்வு வானத்திலிருந்து விழுந்ததன்று. நம் கூத்து மரபில் ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவுப் பாட்டோடு களரிக்கு வரும். தான் இன்னான் என்பதைத் தானே பாடும். மத்தளத்தின் தாளக்கட்டும் வருவோன் இயல்புக்கேற்ப மாறும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ (1962) முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது கற்றோர் வியந்த சிறப்புகளுள் இவ்வொலியமைப்பும் ஒன்று. மலைநாட்டுத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்திலும் தப்பொலியே காலத்தையும் களத்தையும் அறிவிக்கின்றது. விடிய விடிய நிகழும் கூத்தில், தொலைவில் அமர்ந்து கண்ணயர்ந்தவனும் செவியாற் கதையைத் தொடர இயலும். செவியரங்கத்துக்கு வேண்டிய இலக்கணம் நம்மவரிடத்தே முன்னரே உண்டு.

இல்லாதது காக்கும் வழக்கம். அறுபதுகளில் ஒளிபரப்பான ‘டொக்டர் ஹூ’ அத்தியாயங்கள் பலவற்றைப் பி. பி. சி. தானே அழித்துவிட்டது. படம் மறைந்தவற்றின் ஒலி முழுவதும் இன்று கிடைக்கின்றது. அதனைக் காத்தவர், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து ஒலிநாடாவிற் பதிந்த இளைஞர் சிலர். அவ்வொலிகள் பின்னர் இடையுரையோடு இறுவட்டாகப் பி. பி. சி.யினாலேயே வெளியிடப்பட்டன. நிறுவனம் இழந்ததை நேயர் காத்தனர். இலங்கைத் தமிழ் வானொலி நாடகங்களிற் சிலவற்றின் பிரதிகள் நூலாயின. ஆனால் வானொலி நாடகத்தின் மெய் பிரதியன்று, குரல். மரிக்காரின் தமிழை அச்செழுத்திற் படிப்பவன் சொற்களைப் பெறுகின்றான்; மரிக்காரைப் பெறுவதில்லை. வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் ஒலிநாடா ஒவ்வொன்றும் ஓர் ஏட்டுச் சுவடிக்கு நிகர். ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரைப் போற்றும் மாணவர், தம் பாட்டனார் வீட்டு ஒலிநாடாவைக் குப்பையில் இடுதல் முறையன்று. நாடா நாளடைவிற் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக்காற்று மிக்க மலைநாட்டில் இன்னும் விரைந்து பிடிக்கும். பள்ளிகளின் தமிழ் மன்றங்கள் அவற்றைத் தேடிப் பெற்றுக் கணினியில் ஏற்றி வைத்தல் பெருஞ் செலவின்றிச் செய்யக்கூடிய பணி.

தொகுத்து நோக்குமிடத்து, காட்சிக்குரிய கதை செவிக்கு வருங்கால், காட்சியை இழந்த குறையை மறைக்க முயலும் நாடகம் நலிகின்றது. காணாமையையே கருவியாக்கிக்கொள்ளும் நாடகம் மூலத்துக்கு நிகராகவும், சிற்சில இடங்களில் மேலாகவும் நிற்கின்றது. ‘ஸ்கேர்ற்சோ’வும் ‘ஸ்பெயார் பார்ட்ஸ்’ நாடகமும் இரண்டாம் வகையின. நம்முடைய வானொலி நாடகத்தின் நற்பகுதிகளும் அவ்வகையினவே. பள்ளி நாடகப் போட்டிகளில் உடைக்கும் ஒப்பனைக்கும் உழைக்கும் உழைப்பில் ஒரு பங்கைக் குரலுக்குச் செலவிட்டு, திரையொன்றன் பின்னே நின்று முழு நாடகத்தையும் நடத்திப் பார்க்கும் மாணவர், இவ்வுண்மையை எந்தக் கட்டுரையினும் விரைவில் உணர்வர். கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர்க்குச் செவியின் ஆற்றலை அயலவர் கற்பிக்க வேண்டுவதில்லை; அயலவர் செய்துகாட்டிய அருமையைக் கண்டு, தம் கைப்பொருளைப் பேணிக்கொள்ளுதலே வேண்டுவது.